யாரும் எடுக்காத வேலையை இழுத்துப் போட்டுச் செய்யும் பழக்கம்: விடலாமா, கூடாதா?

தக்கலைக்காரி:
நாகர்கோவிலில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். நன்றாக வேலை தெரிந்த பெண்கள் பலர் வருடக்கணக்கில் அதே நாற்காலியிலேயே இருக்கிறார்கள். கூட்டக் குறிப்பு எழுதுவது, புதிதாக வந்தவருக்குச் சொல்லிக்கொடுப்பது, ஆடிட்டுக்குப் பழைய வவுச்சர்களைத் தேடி அடுக்குவது, பிரிவு உபசார விழாவுக்குப் பணம் பிரிப்பது என எல்லாவற்றுக்கும் “சரி, நான் பார்த்துக்கறேன்” என்று முதல் ஆளாகச் சொல்லிவிடுகிறோம். இதில் ஒன்றுகூட பதவி உயர்வு பேசும்போது கணக்கில் வராது. மேலதிகாரி கண்ணில் படுகிற வங்கிக் கடன் அறிக்கை பக்கத்து மேஜைக்குப் போய்விடும். இந்தப் பழக்கத்தை நாமேதான் விட வேண்டும் என்பது என் கட்சி.

கருங்கல் அண்ணன்:
எனக்கு இதில் சம்மதம் இல்லை தங்கச்சி. நான் கற்ற வேலையெல்லாம் மற்றவர்கள் தள்ளிவிட்ட வேலைதான். பழைய வவுச்சர் தேடியதால்தான் எங்கள் நிறுவனத்தில் பணம் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்றே புரிந்தது. அப்புறம், இது சின்ன ஊர். ஆபீசில் முறைத்துக்கொண்டவரை மறுநாளே கல்யாண வீட்டுப் பந்தியில் பார்க்க வேண்டியிருக்கும். உதவுகிற மனசைக் குறை என்று சொல்லிக்கொடுக்காதீர்கள்.

குழித்துறை ரயில்:
தினமும் ரயிலில் திருவனந்தபுரம் டெக்னோபார்க் ஐ.டி. வளாகத்துக்கு வேலைக்குப் போய்வருகிறவன் நான். மாலை ரயிலை விட்டால் வீடு சேர ராத்திரியாகிவிடும். அதனாலேயே மறுக்கப் பழகினேன். ஆனால் “முடியாது” என்று சொல்வதில்லை. “கையில் இந்த இரண்டு வேலை இருக்கிறது, இதற்காக எதைத் தள்ளிவைக்கட்டும்?” என்று கேட்பேன். பாதி நேரம் கேட்டவரே வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். யாரும் கோபித்ததில்லை.

தக்கலைக்காரி:
அண்ணே, முதல் வருடம் வவுச்சர் தேடினால் படிப்பு. ஐந்தாவது வருடமும் அதே ஆள் தேடினால் அதில் கற்க என்ன மிச்சம் இருக்கிறது?

வடசேரி வாசகி:
பழியை முழுக்கப் பெண்கள் தலையில் வைக்க வேண்டாம் அக்கா. லிண்டா பாப்காக், லிசே வெஸ்டர்லுண்ட் முதலிய அமெரிக்க ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். மூன்று பேர் கொண்ட குழு, இரண்டு நிமிட அவகாசம். யாராவது ஒருவர் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தியவருக்கு 1.25 டாலர், மற்ற இருவருக்கும் ஆளுக்கு 2 டாலர். யாருமே அழுத்தாவிட்டால் எல்லோருக்கும் 1 டாலர்தான். ஆண்களும் பெண்களும் கலந்த குழுவில் பெண்களே அதிகம் முன்வந்தார்கள். ஆண்கள் மட்டும் இருந்த குழுவில் ஆண்களும் தயங்காமல் அழுத்தினார்கள்! பக்கத்தில் பெண் இருந்தால் அவர் செய்துவிடுவார் என்று எல்லோரும் காத்திருக்கிறார்கள். இன்னொரு சோதனையில், குழுவில் யாராவது ஒருவரிடம் பொத்தானை அழுத்தச் சொல்லிக் கேட்கும் பொறுப்பை வேறொருவருக்குக் கொடுத்தபோதும், பெண்களிடமே அதிகம் கேட்டார்கள். நீங்கள் வாயைத் திறக்காமல் இருந்தாலும் வேலை உங்கள் மேஜைக்குத்தான் வரும்.

குலசேகரம் பால்வெட்டு:
எங்கள் தொழிலிலும் இதுதான் கதை. ரப்பர் மரத்தில் கத்தி ஆழமாக இறங்கினால் உள்ளே காயம் பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பிறகு அந்த இடத்தில் ஒழுங்காகப் பால் வெட்ட முடியாது. இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் விடியற்காலையில் இத்தனை மரத்தை முடித்தாக வேண்டும், பால் எடைக்குத்தான் ஊக்கத்தொகை என்றால் கை தானாக அவசரப்படும். தோட்டக்காரர் எடையை மட்டும் பார்க்காமல் பட்டையையும் பார்த்துக் கூலி கொடுத்தால்தான் கைப்பழக்கம் மாறும்.

கருங்கல் அண்ணன்:
வாசகி சொன்னதை ஏற்கிறேன். ஆபீசில் முறைவைத்துக் கொடுக்கட்டும் என்பீர்கள். ஆனால் முறை வைத்தால் என்ன நடக்கும்? எழுதத் தெரியாதவர் எழுதிய கூட்டக் குறிப்பைத் திருத்தி எழுதுவதும் அதே பெண்ணாகத்தான் இருக்கும். வேலை இரட்டிப்பாகும்.

தக்கலைக்காரி:
அந்த இடத்தில்தான் நாம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும் அண்ணே. குறிப்பு மோசமாக இருந்தால் அப்படியே மேலாளரிடம் போகட்டும். எழுதியவரிடமே அவர் திருப்பிக் கொடுக்கட்டும். இரண்டு முறை திரும்பி வந்தால் யாரும் எழுதக் கற்றுக்கொள்வார்கள். வாசகி, குலசேகரத்தார் இருவரும் சொன்ன பிறகு ஒன்று தோன்றுகிறது: புது ஆளுக்குப் பயிற்சி கொடுத்ததையும் வருட மதிப்பீட்டுப் படிவத்தில் சேர்க்கச் சொல்லி, எங்கள் பிரிவுப் பெண்கள் எல்லோருமாகக் கையெழுத்திட்டுக் கடிதம் கொடுக்கப் போகிறோம். ஒருத்தி தனியாகக் கேட்டால் திமிர் என்பார்கள்.

கருங்கல் அண்ணன்:
கடிதத்தில் ஆண்கள் கையெழுத்தும் இருக்கட்டும் தங்கச்சி. உங்கள் ஆபீசில் அந்த வேலையைச் செய்கிற பையன்களும் இருப்பார்கள்.