இந்தப் பேர முன்னாடியே எங்கயோ படிச்சிருக்கோமேன்னு தூக்கிவாரிப் போட்ட அனுபவம் இருக்கா?

நடுராத்திரி வாசகன்:
ட்ரூ டிடெக்டிவ் சீரியல் முதல் சீசன், செத்துப்போன பொண்ணோட டைரிய துப்பறியிற ரஸ்ட் படிப்பான்ல, அந்த சீன். மஞ்சள் ராஜா, கார்கோசாங்கற ஊர்னு வந்ததும் சட்டுனு நிறுத்திட்டேன். ரெண்டு வாரம் முன்னாடிதான் சேம்பர்ஸோட 'தி கிங் இன் யெல்லோ' முடிச்சிருந்தேன், 1895 புக்கு, அந்தப் பேரெல்லாம் அதுல இருக்கு, அதுக்குள்ள ஒரு நாடகம் வரும், படிக்கிறவங்களுக்குப் புத்தி பேதலிச்சுடும். கூட உக்காந்திருந்தவங்க என்னாச்சுன்னு கேக்கறாங்க, எனக்கு வாய் வரல. நான் படிச்சத அந்தப் பொண்ணும் படிச்சிருக்கான்னு ஒரு நிமிஷம் தோணிச்சு பாருங்க, அது இன்னும் போகல.

கண்ணாடிக்குருவி:
எனக்கு டாய் ஸ்டோரி கார்ட்டூன் படத்துல. அக்கா பையனோட பத்தாவது தடவையா பாத்துட்டிருக்கேன், பொம்மைகள சித்திரவதை பண்ற சிட் வீட்டு மாடி கார்பெட், அந்த அறுகோண டிசைன்... தி ஷைனிங் பேய்ப் படத்துல குட்டிப் பையன் கார் பொம்மை வச்சு விளையாடுவானே, அதே தரை! பொம்மைங்க எந்த மாதிரி வீட்டுல மாட்டியிருக்குன்னு அப்பதான் உறைச்சுது. டாய் ஸ்டோரி மூணாவது பாகத்துல குப்பை லாரி நம்பர்லயும் 237 இருக்கு, ஷைனிங்ல வர்ற ரூம் நம்பர்.

பழைய பேப்பர்:
ரெண்டு பேருக்கும் ஒண்ணு சொல்லணும். கார்கோசா சேம்பர்ஸ் உண்டாக்கின ஊர் இல்ல, ஆம்ப்ரோஸ் பியர்ஸ் 1886லயே எழுதிட்டார், சேம்பர்ஸ் அங்கிருந்து எடுத்துக்கிட்டார். அப்புறம் 237ங்கறது குப்ரிக்கோட 1980 படத்துல வர்ற ரூம். அதுக்கு மூலமான ஸ்டீபன் கிங்கோட 1977 நாவல்ல அது 217. வெளிப்புறம் ஷூட் பண்ண ஹோட்டல்காரங்க, 217ல தங்க ஆளே வரமாட்டாங்கன்னு பயந்து மாத்தச் சொன்னாங்க, அவங்ககிட்ட இல்லாத நம்பரா 237 வச்சாங்க. அதனால அந்த லாரி நம்பர் கிங்குக்கு வச்ச வணக்கம் இல்ல, குப்ரிக்குக்கு. தயவுசெஞ்சு மூலக் கதைய முதல்ல படிங்க, பியர்ஸ் கதை சில பக்கம்தான், அப்புறம் சேம்பர்ஸ்ல முதல் நாலு கதை போதும், பின்னாடி வர்றதெல்லாம் வேற மாதிரி, கடைசியா சீரியல் பாருங்க. தலைகீழா போனா அந்தப் பயம் பாதிதான் கிடைக்கும்.

ஆறாவது கம்பி:
தலைகீழா போனவன்தான் நானு, பாதியெல்லாம் இல்லீங்க. மெட்டாலிக்கா ராக் பேண்டோட 'தி கால் ஆஃப் க்டுலு' பாட்டு, 1984, பல வருஷம் கேட்டிருக்கேன், அந்தப் பேருக்கு அர்த்தமே இல்லன்னு நெனச்சேன். ஒருநாள் ராத்திரி பயங்கரக் கதை எழுதுற லவ்கிராஃப்ட் கதை படிக்கிறப்ப, கிட்டத்தட்ட உச்சரிக்கவே முடியாத பேர்னு வருது. அதே பேர், எழுத்து மட்டும் கொஞ்சம் மாத்தியிருக்காங்க. அந்தப் பாட்டுல பாடற குரலே கிடையாதுன்னு உடனே ஞாபகம் வந்துது. ஹெட்போன கழட்டி வச்சுட்டு லைட்ட போட்டேன்.

கண்ணாடிக்குருவி:
217 விஷயம் எனக்குத் தெரியாது, நாவல இன்னைக்கே எடுக்கறேன். ஆனா குப்ரிக்கோ கிங்கோ, சிட் வீட்டு அந்த மாடி வந்தாலே இப்பல்லாம் பையன் கையப் புடிச்சுக்கறேன், அவன் என்ன மாமான்னு பாக்கறான்.