கொரோலா 121: மலைப்பாதைக்கு வேறு எயார் இன்டேக் பொருத்துவது பற்றி

கேள்வி – தலவாக்கலையிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1,500 சீசீ 1என்இசட் என்ஜின் கொண்ட கொரோலா 121. தலவாக்கலைக்கும் நுவரெலியாவுக்கும் இடையே நாள்தோறும் ஓடுகிறது. இடையிடையே கினிகத்தேனை வழியாகக் கொழும்புக்கும் போய்வரும். கொழும்பில் நன்றாக இழுக்கும் அதே கார், நானுஓயாவைத் தாண்டி ஏறும்போது சோர்ந்துவிடுகிறது. பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடையொன்றில் விசாரித்தபோது, என்ஜினுக்குள் போகும் காற்றை வடிக்கும், காருடன் வந்த பில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு, பெட்டியில்லாமல் கூம்பு வடிவில் இருக்கும் கோன் பில்டரும் 70 மில்லிமீற்றர் அலுமினியக் குழாயும் போட்டால் இந்தக் குறை தீரும் என்றும், பெற்றோலும் மிச்சமாகும் என்றும் சொன்னார்கள். பொருத்துவதில் பயன் உண்டா, பொருத்துவதானால் எதைப் பார்த்து வாங்க வேண்டும், புகைப் பரிசோதனையில் சிக்கல் வருமா என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி – கண்டி, வாகன மின்வேலை செய்பவர்

நீங்கள் உணரும் சோர்வுக்குப் பெரும்பகுதிக் காரணம் பில்டர் அல்ல, உயரம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். காற்றை அமுக்கித் திணிக்கும் டர்போ இல்லாத என்ஜின் ஒவ்வொரு சுற்றிலும் இழுக்கும் காற்றின் கன அளவு மாறாவிட்டாலும் அதன் நிறை குறைந்துவிடுவதால், பெற்றோலும் அதற்கேற்பக் குறைகிறது, இழுவையும் குறைகிறது. எந்தக் குழாயும் வெளியே இல்லாத அழுத்தத்தை உள்ளே கொண்டுவராது.

இன்னொன்றையும் கவனியுங்கள். பில்டரைக் கடக்கும்போது ஏற்படும் அழுத்த இழப்பு, காற்றின் அடர்த்தி குறையக் குறையத் தானும் குறையும். ஆகவே பில்டரின் தடையைக் குறைத்துப் பெறக்கூடிய சிறு இலாபம்கூட மலையில் கொழும்பைவிடக் குறைவாகவே இருக்கும். கடைக்காரர் இதைத் தலைகீழாகச் சொல்லியிருக்கிறார்.

பெற்றோல் மிச்சம் என்பதும் அப்படித்தான். ஆக்ஸிலேட்டரைப் பாதி மிதித்து ஓடும்போது காற்றைத் தடுத்து நிற்பது, மிதிக்கும் அளவுக்குத் திறக்கும் த்ரொட்டில் தகடு. அதற்கு முன்னால் குழாயை எவ்வளவு அகலமாக்கினாலும் என்ஜினுக்குத் தேவையான காற்று அதே அளவுதான்.

கெடுதல் வரக்கூடிய இடம் வெப்பம். காருடன் வந்த பெட்டி, ரேடியேட்டருக்கு மேலிருந்தோ மட்காட்டுக்குள்ளிருந்தோ வெளிக்காற்றை எடுக்கிறது. பெட்டியில்லாத கோன் பில்டரோ, லொறிக்குப் பின்னால் இரண்டாம் கியரில் ஊர்ந்து ஏறும் நேரத்தில், ரேடியேட்டர் விசிறி தள்ளும் சூடான காற்றையே குடிக்கும். 10 பாகை வெப்பம் கூடினால் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 3 வீதம் குறையும். வெளியே 15 பாகை, பொனட்டுக்குள் 45 பாகை என்றால் பத்தில் ஒரு பங்கை நாமே விட்டுவிடுகிறோம். நுவரெலியாவின் குளிர்ந்த காற்று இலவசமாகத் தரும் நன்மை அதோடு போய்விடும். கோன் பில்டர் போட்டால் என்ஜின் உறுமும். அந்த உறுமலையே பலர் வேகம் என்று எண்ணிவிடுகிறார்கள்.

மறுமொழி – ஹட்டன்

மேலே அண்ணன் சொன்னவற்றோடு முழுமையாக உடன்படுகிறேன். 70 மில்லிமீற்றர் குழாயைப் பற்றி மட்டும் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. உங்கள் என்ஜினில் காற்றின் அளவைச் சூடான கம்பி கொண்ட மாஸ் எயார் சென்சர் அளக்கிறது. அது இருக்கும் குழாயின் குறுக்களவைக் கணக்கில் கொண்டே என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவின் நிரல் எழுதப்பட்டுள்ளது. உதாரணத்துக்கு 60 மில்லிமீற்றர் இருந்த இடத்தில் 70 போட்டால் பரப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுகிறது. அதே காற்று மெதுவாகக் கடக்கிறது. சென்சர் குறைவாகச் சொல்கிறது. பெற்றோலும் குறைவாக விழுகிறது. சாதாரண ஓட்டத்தில், புகைக்குழாயில் உள்ள ஒட்சிசன் சென்சரைப் பார்த்து ஈசியூ ஓரளவு திருத்திக்கொள்ளும். திருத்தம் எல்லையைத் தாண்டினால் கலவையில் பெற்றோல் குறைவு என்று சொல்லும் பி0171 என்ற குறியீட்டோடு என்ஜின் விளக்கு எரியும். ஆனால் ஆக்ஸிலேட்டரை முழுவதும் மிதிக்கும் நீண்ட ஏற்றத்தில், அந்தத் திருத்தம் உடனுக்குடன் நடப்பதில்லை. பெற்றோல் குறைந்த வறண்ட கலவையில் என்ஜின் தட்டத் தொடங்குவது (நேரம் தப்பி எரிந்து டக் டக் என்று சத்தம் போடுவது) அங்கேதான். எனவே எதை வாங்கினாலும் சென்சர் இருக்கும் பகுதி, காருடன் வந்த குழாயின் உள்ளளவிலேயே இருக்க வேண்டும்.

பொருத்தும்போது, என்ஜினின் மேல்மூடியான வால்வ் கவரிலிருந்து வரும் காற்றோட்டக் குழாய், அதாவது பிரீதர் ஹோஸ், சென்சருக்குப் பின்னால் இணைய வேண்டும். குழாயை பொடியோடு பிணைக்கும் தாங்கி இல்லாவிட்டால், தோட்டப் பாதையின் குலுக்கலில் கிளிப் தளர்ந்து, அளக்கப்படாத காற்று உள்ளே போகும். பம்பருக்குள் தாழ இறங்கும் வகையை நம் பக்கத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். கம்பளை, நாவலப்பிட்டிப் பக்கம் மகாவலி பெருகும் நாட்களில் அந்த வாய் தண்ணீரை இழுத்தால், என்ஜினுக்குள் பிஸ்டனைத் தாங்கும் கொனெக்டிங் ரொட் வளைந்துவிடும்.

புகைப் பரிசோதனையில் பார்ப்பது காபன் மொனொக்சைட்டையும் ஐதரோகாபனையும், பில்டரின் வடிவத்தையல்ல. கலவை குழம்பினால்தான் சிக்கல்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. அப்படியானால் பெட்டியை அப்படியே வைத்துக்கொண்டு, கழுவிப் பாவிக்கும் துணி பில்டரை மட்டும் போடலாமா? இன்று ஹட்டனில் ஒரு கராஜில் ஸ்கேனர் போட்டுப் பார்த்தார்கள். ஈசியூ தானாகக் கூட்டிக் குறைக்கும் பெற்றோல் திருத்தம், நின்ற நிலையில் +3 வீதம். ஏற்றத்தில் ஓட்டியபோது +17 வரை போனது. உயரத்தால் இப்படிக் காட்டுமா?

மறுமொழி – கண்டி, வாகன மின்வேலை செய்பவர்

உயரத்தால் காட்டாது, தம்பி. அந்த சென்சர் காற்றின் நிறையையே அளப்பதால் மெல்லிய காற்றை மெல்லியதாகவே கணக்கிடும். நல்ல நிலையில் உள்ள காரில் திருத்தம் 10க்குள் நிற்க வேண்டும். காற்றுக் கசிவென்றால் நின்ற நிலையில் கூடுதலாகவும், வேகம் கூடும்போது குறைவாகவும் காட்டும். உங்களுடையது நேர்மாறாக இருப்பதால், ஒன்று சென்சர் கம்பியில் அழுக்குப் படிந்திருக்கிறது, இல்லாவிட்டால் பெற்றோல் பம்ப் போதிய அழுத்தம் தரவில்லை. சோர்வில் உயரத்துக்குரிய பங்கு போக மீதி இங்கேதான் இருக்கிறது.

எண்ணெய் பூசும் துணி பில்டர் வேண்டாம். எண்ணெய் சற்றுக் கூடினால் அது அந்தக் கம்பியிலேயே படியும். கொழுந்து லொறிகள் கிளப்பும் தூசியைக் கடதாசி பில்டர் அளவுக்கு அது தடுப்பதுமில்லை. நல்ல கடதாசி பில்டரை வாங்கி, வரட்சி மாதங்களில் சற்று முன்கூட்டியே மாற்றுங்கள்.

சென்சரைக் கழற்றி, அதற்கென்றே விற்கும் ஸ்பிரேயால் கழுவுங்கள். கம்பியில் விரலோ துணியோ படக் கூடாது, பிரேக் கிளீனரும் கூடாது. நன்றாகக் காய்ந்த பின் பூட்டி, பற்றரியின் மறை முனையைச் சிறிது நேரம் கழற்றி வைத்துவிட்டு, அதே ஏற்றத்தில் மறுபடி ஸ்கேன் பண்ணிப் பாருங்கள். எண் இறங்காவிட்டால் பெற்றோல் அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள்.