ஃபோர்க்ஹைம் அன்னாஃபெஸ்ட்: மனைவியின் பிறந்தநாளும் பக்கத்து பெஞ்சுக்காரர்களும்

பீர் திருவிழா என்றால் முக்கால்வாசிப் பேர் மியூனிக் அக்டோபர்ஃபெஸ்டைத்தான் எழுதுகிறார்கள். நாங்கள் போனது வேறு ஊர். பவேரியாவின் வடக்கில், நியூரம்பெர்குக்கும் பாம்பெர்குக்கும் நடுவே ஃபோர்க்ஹைம் என்று ஒரு நகரம் இருக்கிறது. மக்கள்தொகை முப்பதாயிரத்துச் சொச்சம். ஜூலைக் கடைசியில் அங்கே 11 நாள் அன்னாஃபெஸ்ட் நடக்கும். புனித அன்னம்மாளின் திருநாளான ஜூலை 26-ஐ ஒட்டி வரும் விழா. என் மனைவி பிறந்ததும் ஜூலை 26. 2025-இல் அது சனிக்கிழமையில் வந்து விழுந்தது. அதற்கு மேல் அவளைத் தடுத்து நிறுத்த யாரால் முடியும்?

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் பீர் ரசிகை அவள்தான். எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர்ப் பீரை வாங்கி, ஒரு வாய் குடித்து, நோட்டில் எழுதி வைப்பாள். நான் குடிப்பதில்லை, அசைவமும் சாப்பிடுவதில்லை. இப்படிப்பட்டவனுக்கு பீர் திருவிழாவில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்டார்கள். கார் ஓட்டுகிற வேலை. ஜெர்மனியில் ரத்தத்தில் ஆல்கஹால் 0.5 புரோமிலுக்கு, அதாவது ஆயிரத்தில் அரைப் பங்குக்கு, கீழே இருந்தால் ஓட்டலாம் என்கிறது சட்டம். ஆனால் ஒரு லிட்டர் குவளையை வைத்துக்கொண்டு அந்தக் கணக்கைப் போட உட்கார்வது எனக்குச் சரிப்படாது.

ஸ்டுட்கார்ட்டிலிருந்து கிளம்பினோம். ஹைல்பிரான் தாண்டி ஏ6 நெடுஞ்சாலையைப் பிடித்து நியூரம்பெர்க் வரை நேர் கிழக்கு, அங்கிருந்து ஏ73-இல் வடக்கு. சாதாரண நாளில் இரண்டரை மணி நேரம். வெள்ளிக்கிழமை மதியம் ஏ6-இல் ஓட்டியவர்களுக்கு மீதியைச் சொல்லத் தேவையில்லை. வலது பக்கம் முழுக்க லாரிகள் சுவர் மாதிரி நின்றன. தங்கும் இடம் ஃபோர்க்ஹைமில் கிடைக்கவில்லை. விழா நாட்களில் கிடைக்காது. பாம்பெர்கில் ஒரு சின்ன விடுதியில் பெட்டியைப் போட்டுவிட்டு ரயிலேறினோம். நியூரம்பெர்க் போகும் எஸ்1 ரயில் ஃபோர்க்ஹைம் வழியாகத்தான் போகிறது.

விழா நடக்கும் இடத்துக்குப் பெயர் கெல்லர்வால்ட். பாதாள அறைக்காடு என்று வைத்துக்கொள்ளுங்கள். மரங்கள் அடர்ந்த ஒரு குன்றுச் சரிவு. அதன் மணற்பாறையைக் குடைந்து, பீரைப் பதப்படுத்தவும் சேமிக்கவும் பல நூற்றாண்டுகளாக அறைகள் வெட்டி வைத்திருக்கிறார்கள். இப்படி இருபதுக்கும் மேற்பட்ட கெல்லர்கள், அதாவது பாதாள அறைகள். ஒவ்வொன்றின் வாசலிலும் பீர் ஊற்றும் கவுன்டர், முன்னால் மரத்தடியில் நீள நீளமான பெஞ்சுகள். மியூனிக்கில் இருப்பது போன்ற ராட்சதக் கூடாரங்களுக்கு இங்கே இடமே கிடையாது. சரிவு முழுக்கச் சுமார் முப்பதாயிரம் பேர் உட்காரலாம் என்கிறார்கள். அதாவது ஊரே எழுந்து வந்தாலும் கிட்டத்தட்ட எல்லோருக்கும் இடம் கிடைத்துவிடும்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மேயர் பீப்பாயைத் திறந்து முடித்திருந்தார். கீழ்ப்பக்கக் கெல்லர்களில் உட்காரக் கொஞ்சமும் இடமில்லை. மேலே ஏறினோம். ஒரு பெஞ்சின் ஓரத்தில் இரண்டு பேருக்கு இடம் தெரிந்தது. எதிரே வயதான தம்பதிகள் மூன்று ஜோடி. "இங்கே காலியா?" என்று கேட்டதும் அவர்களில் ஒரு பெரியவர் பேசாமல் மேஜையை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். "வணக்கம், உட்காருங்கள்" என்பதுதான் அதற்கு அர்த்தம் என்று பிறகு புரிந்துகொண்டோம். ஸ்டுட்கார்ட்டில் எங்கள் அடுக்ககத்தில் பக்கத்து வீட்டுக்காரர் பல வருடமாக ஹலோவைத் தாண்டவில்லை. இங்கே பத்து நிமிடத்தில் அந்தப் பெரியவரின் முட்டி அறுவைச் சிகிச்சை வரை எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

முதல் சிரிப்பு குவளையில் வந்தது. நாங்கள் உட்கார்ந்த கெல்லரில் பீரைக் கண்ணாடியில் அல்ல, சாம்பல் நிற மண் குவளையில் தந்தார்கள். ஒரு லிட்டர், அதற்கு மாஸ் என்று பெயர். மனைவி போய் அவளுக்கு ஒரு மாஸும் எனக்கு ஆப்பிள் சாறும் சோடாவும் கலந்த ஷோர்லேயும் வாங்கி வந்து வைத்தாள். ஒரு நிமிடம் திரும்பிப் பார்ப்பதற்குள் எதிரே இருந்த பாட்டி ரொம்பக் கரிசனமாக மாஸை என் பக்கமும் ஷோர்லேயை அவள் பக்கமும் மாற்றி வைத்துவிட்டார். நாங்கள் திரும்ப மாற்றியதும் மேஜையே கொண்டாடியது. அன்று இரவு முழுக்க அந்தத் தாத்தாக்கள் என் மனைவியிடம்தான் பேசினார்கள். எந்த மதுவடிப்பாலையின் பீர், மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) எப்படி, கசப்பு எவ்வளவு என்று. ஃபோர்க்ஹைமில் ஐஹோர்ன், கிரைஃப், ஹேபன்டான்ஸ், நேடர் என்று நான்கு மதுவடிப்பாலைகள் இருக்கின்றன. நான்கும் இந்த விழாவுக்கென்று வழக்கத்தைவிடச் சற்றுக் காட்டமாகத் தனிப் பீர் வடிக்கின்றன. எது சிறந்தது என்பதில் அந்த மூன்று குடும்பங்களுக்குள்ளேயே சண்டை.

அறைகளை ஏன் வெட்டினார்கள் என்ற கதையைச் சொன்னவர் முட்டி அறுவைச் சிகிச்சைக்காரர். பவேரியாவில் 1553-இல் ஒரு சட்டம் வந்தது. செப்டம்பர் 29 முதல் ஏப்ரல் 23 வரை மட்டும்தான் பீர் வடிக்கலாம். கோடை வெயிலில் நொதித்தால் கெட்டுப்போகும், அடுப்புத் தீயால் ஊரே எரியும் அபாயமும் உண்டு. அப்படியானால் கோடைக்குத் தேவையான பீரைக் குளிரில் வடித்து எங்காவது ஜில்லென்று வைத்திருக்க வேண்டுமே! அதற்குத்தான் பாறைக்குள் அறை. ஆகஸ்டில் உள்ளே போனாலும் ஸ்வெட்டர் தேடுவோம் என்றார். அறை வாசலிலேயே உட்கார்ந்து குடிக்கலாமே என்று எவனோ ஒரு புத்திசாலிக்குத் தோன்றியிருக்கிறது. பக்கத்து ஊரான உன்டர்வைலர்ஸ்பாக்கில் அன்னம்மாள் சிற்றாலயத்துக்குப் பாத யாத்திரை போய்த் திரும்பியவர்களும் வழியில் இங்கே இளைப்பாறியிருக்கிறார்கள். 1840-இல் துப்பாக்கி சுடும் கழகத்தார் தங்கள் போட்டியை அன்னம்மாள் நாளில் இந்தக் காட்டிலேயே நடத்தினார்கள். அதுதான் விழாவின் தொடக்கம். 1870-களில் கார்ல் ஃபான் லிண்டே என்ற ஜெர்மன் பொறியாளர் குளிர்பதன இயந்திரத்தைக் கொண்டுவந்த பிறகு எந்த மாதமும் பீர் வடிக்கலாம் என்றாகிவிட்டது. பாறை அறைகளுக்கு வேலை போயிற்று, வாசல் பெஞ்சுகளுக்குப் போகவில்லை.

அவருடைய மனைவி இன்னொரு கதை சொன்னார். பதினேழாம் நூற்றாண்டில் நடந்த முப்பதாண்டுப் போரில் ஸ்வீடன் படை இந்த ஊரை முற்றுகையிட்டதாம். பட்டினி போட்டுப் பணிய வைப்பது எதிரியின் திட்டம். ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள்? கோட்டைச் சுவர் மேல் வரிசையாக ஏறி, வெளிப்பக்கம் முதுகு காட்டி உட்கார்ந்து, காலைக்கடனை முடித்தார்களாம். எங்களுக்குச் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை, வேண்டுமானால் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று! அதனால் ஃபோர்க்ஹைம்காரர்களுக்கு இன்று வரை இருக்கும் பட்டப்பெயரை இங்கே எழுத முடியாது. பாட்டி அதை வெகு பெருமையாகச் சொன்னார்.

இந்தக் கலகலப்பில் மனைவி, "நாளைக்கு எனக்குப் பிறந்தநாள்" என்றாள். நான் எல்லோரும் குவளையைத் தூக்குவார்கள் என்று காத்திருந்தேன். மேஜை அப்படியே அமைதியானது. ஒரு பாட்டி இரண்டு கையையும் முன்னால் நீட்டி, "வேண்டாம், வேண்டாம், இன்றைக்கு வாழ்த்த மாட்டோம்" என்றார். ஜெர்மன்காரர்களுக்குப் பிறந்தநாளை முன்கூட்டி வாழ்த்துவது அபசகுனம். நம் ஊரில் பயணம் கிளம்பும்போது யாராவது "எங்கே போறே?" என்று கேட்டால் பெரியவர்கள் முகம் மாறுமே, அந்த மாதிரி. "நாளை இதே நேரம், இதே பெஞ்சு. அப்போது வாழ்த்துகிறோம்" என்று முடித்துவிட்டார்கள்.

சனிக்கிழமை பகல் பாம்பெர்கில். பழைய நகரம் 1993 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. பாலத்தின் நடுவில் நிற்கும் பழைய நகர மன்றம், பேராலயம் எல்லாம் அரை நாளில் பார்த்துவிடலாம். மனைவிக்கு அதெல்லாம் இரண்டாம்பட்சம். நேராக ஷ்லென்கர்லா என்ற பழைய மதுவடிப்பாலை விடுதிக்கு. பீச் மர விறகின் புகையில் மால்ட்டைக் காயவைத்து வடிக்கிற கரும்பழுப்புப் பீர். மூக்குப் பக்கம் கொண்டுபோனாலே விறகடுப்புச் சமையலறைக்குள் நுழைந்த வாடை. முதல் குவளை பிடிக்காது, மூன்றாவதில்தான் பிடிபடும் என்று உள்ளூரில் சொல்வார்கள். அவளுக்கு முதலிலேயே பிடித்துவிட்டது.

மாலையில் மழை பிடித்துக்கொண்டது. யாரும் வரமாட்டார்கள் என்றேன். நனைந்துகொண்டே சரிவில் ஏறினால், அதே பெஞ்சில், குடைகளை ஒன்றோடொன்று மாட்டிக் கூரை போட்டுக்கொண்டு ஆறு பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள்! ஒவ்வொருவராக எழுந்து கைகுலுக்கி வாழ்த்தினார்கள். ஒரு பாட்டி தன் வீட்டு மரத்துச் செர்ரியில் செய்த ஜாம் ஒரு பாட்டில் கொடுத்தார். ஃபோர்க்ஹைமை ஒட்டிய மலைப்பகுதி முழுக்கச் செர்ரித் தோப்புகள்தான். சரி, இப்போது விருந்து யார் செலவு? இங்கே பிறந்தநாள்காரர்தான் மற்றவர்களுக்கு வாங்கித் தர வேண்டும். மேஜைக்கே ஒரு சுற்று மாஸ், எனக்கு ஷோர்லே. பர்ஸ் நன்றாகவே இளைத்தது. குவளையை மோதும்போது எதிராளியின் கண்ணைப் பார்க்க வேண்டும் என்பது இன்னொரு விதி. என் ஷோர்லேக்கும் சலுகை கிடையாது, ஆறு பேர் கண்ணையும் வரிசையாகப் பார்த்தே குடித்தேன்.

அங்கேதான் பின்னாலிருந்து "அண்ணா, தமிழா?" என்று ஒரு குரல். எர்லாங்கனில் வேலை பார்க்கும் பையன்கள் நான்கு பேர். அந்த ஊர் பதினைந்து கிலோமீட்டர்தான், சீமென்ஸ் இருப்பதால் நம்மவர்கள் நிறைய. நாங்கள் அரிசி எங்கே வாங்குவது என்று பேச ஆரம்பித்ததும் தாத்தாக்கள் எங்களை ஓரங்கட்டிவிட்டுப் பாட்டுக்குழுவோடு பெஞ்சு மேல் ஏறிவிட்டார்கள். முட்டி அறுவைச் சிகிச்சைக்காரர் உட்பட.

சைவர்களுக்கு ஒரு வார்த்தை. பன்றித் தோள்பட்டை வறுவலும் சாசேஜும்தான் எங்கும் மணக்கும். ஆனாலும் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. பிரெட்செல், பாலாடைக்கட்டியை வெண்ணெய், வெங்காயம், பாப்ரிகா பொடியோடு பிசைந்த கெருப்ஃப்டர், உருளைக்கிழங்கைத் துருவிப் பொரித்த அடை எல்லாம் உண்டு. வெள்ளை முள்ளங்கியைச் சுருள் சுருளாகச் சீவி உப்புத் தூவித் தருவது எனக்கு ரொம்பப் பிடித்தது. சாம்பாருக்கு வெளியே முள்ளங்கிக்கு இப்படி ஒரு வாழ்வு இருக்கிறது!

ஞாயிற்றுக்கிழமை திரும்பும் முன் ஹாலர்ன்டார்ஃப் பக்கம் கிராய்ட்ஸ்பெர்க் என்ற குன்றுக்குப் போனோம். அங்கேயும் சில கெல்லர்கள் அடுத்தடுத்து. விழாக் கூட்டம் கிடையாது, குடும்பம் குட்டியோடு சைக்கிளில் வருகிறார்கள். வீட்டிலிருந்து கட்டிக் கொண்டுவந்த சாப்பாட்டை மேஜையில் விரித்து, பீரை மட்டும் வாங்கிக்கொள்வது பவேரியத் தோட்டங்களில் பழைய வழக்கம். பக்கத்து மேஜைக்காரர்கள் ரொட்டியும் தக்காளியும் எடுத்து வைத்தார்கள். நாங்கள் வெள்ளிக்கிழமையே கிளறிக் கட்டிய புளியோதரையைத் திறந்தோம். இரண்டு நாள் ஊறியதில் அமிர்தமாக இருந்தது. வடிகட்டாத கெல்லர் பீரோடு புளியோதரை நன்றாகப் போகிறது என்று மனைவியின் நோட்டில் பதிவாகியிருக்கிறது. எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்த ஒரு குட்டிப் பெண்ணுக்கு ஒரு கரண்டி கொடுத்தோம். வேர்க்கடலையை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு மீதியைத் தன் அப்பாவிடம் தள்ளினாள். அவர் தட்டைக் காலி செய்துவிட்டு, இது சூடாகச் சாப்பிட வேண்டியதா என்று கேட்டார்.

போக நினைப்பவர்கள் காசாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், எல்லாக் கவுன்டரிலும் அட்டை எடுக்கும் என்று நம்ப வேண்டாம். குவளைக்கு முன்பணம் வாங்குவார்கள், திருப்பிக் கொடுத்தால் கிடைக்கும். நிலையத்திலிருந்து காட்டுக்கு அரை மணி நடை, முடியாதவர்களுக்கு விழாப் பேருந்து உண்டு. சனிக்கிழமை இரவு இளவட்டக் கூட்டம் அதிகம், குழந்தைகளோடு வருபவர்களுக்கு வார நாள் மதியம்தான் நல்லது.

எர்லாங்கன் பையன்கள் கிளம்பும்போது கொளுத்திப் போட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் ஊரிலும் 1755 முதல் பெந்தெகொஸ்தே சமயத்தில் பெர்க் என்று ஒரு விழா நடக்கிறதாம், அதுவும் மலைச் சரிவில், அதுவும் கெல்லர்களில். கடைசி நாள் இரவு ஒரு பீப்பாயை மண்ணில் புதைத்து இறுதிச் சடங்கே செய்வார்களாம். அது பெரும்பாலும் மே, ஜூனில் வரும். என் பிறந்தநாள் மே கடைசி. "இந்தத் தடவை உங்க பிறந்தநாளுக்கு நான் கூட்டிட்டுப் போறேன்" என்கிறாள் மனைவி. கூட்டிக்கொண்டு போகப் போவது யார், காரை ஓட்டப் போவது யார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். பெர்க் விழாவுக்குப் போனவர்கள் யாராவது இருந்தால், ஷோர்லே கிடைக்குமா என்று மட்டும் எழுதுங்கள்.