ஒன்றரை மடங்கு வேகத்தில் மெய்யழகன்

குழு: காவேரிப்பட்டணம் பெரிய வீடு
வெள்ளி, இரவு

மணி, 8.41: ஒருவழியாக மாங்கூழ் சீசன் முடிந்தது. மூன்று மாதமாக நைட் ஷிப்ட். கையில் இன்னும் தோத்தாபுரி மாம்பழ வாசனை போகவில்லை. இந்த வாரம்தான் உட்கார்ந்து படம் பார்த்தேன். கொட்டுக்காளி, லப்பர் பந்து, டூரிஸ்ட் ஃபேமிலி மூன்றும் முதல் தடவை. மெய்யழகன் மறுபடி. சுழல் வெப் சீரிஸ் முதல் சீசனும் மறுபடி. நீங்கள் எல்லாம் என்ன பார்த்தீர்கள்?

கோமதி, 8.44: டூரிஸ்ட் ஃபேமிலி நானும் பார்த்தேன் தம்பி. அந்தத் தெருவில் ஒரு அம்மா இறந்து போவார்களே, சசிகுமார் வீடு வீடாகப் போய் எல்லோரையும் கூப்பிடுவாரே, அங்கே அழுதுவிட்டேன். நம் தெருவிலும் இப்போது சாவு வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் கைகூப்பிவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள்.

மணி, 8.46: ஆமாம் அக்கா. இலங்கையிலிருந்து கள்ளத்தோணியில் ராமேஸ்வரம் வந்து இறங்கின குடும்பம், சென்னைக்காரர்களுக்குப் பக்கத்து வீடு என்றால் என்ன என்று காட்டுகிறது. கொஞ்சம் இனிப்பு கூடுதல்தான், எல்லோரும் சீக்கிரமே நல்லவர்களாகிவிடுகிறார்கள். இருந்தாலும் இயக்குநர் அபிஷன் ஜீவிந்துக்கு அது முதல் படம். முதல் படத்திலேயே சாவு வீட்டை அவசரமில்லாமல் எடுத்திருக்கிறார்.

சுகன்யா, 8.47: லப்பர் பந்து எப்படி சித்தப்பா? எங்கள் ஹாஸ்டலில் எல்லோரும் மூன்று தடவை பார்த்துவிட்டோம்.

மணி, 8.49: ரொம்பப் பிடித்தது கண்ணு. அட்டகத்தி தினேஷ் மட்டையோடு இறங்கும்போது விஜயகாந்த் பாட்டு வருமே, போதும். அந்தப் படத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம், யாருக்கும் சண்டை வராது.

பிரபு, 8.52: சித்தப்பா, நான் மெய்யழகனை நேற்றுத்தான் பார்த்து முடித்தேன். ஓசூர் பஸ்ஸில், 1.5 ஸ்பீடில். நல்ல படம்தான். ஆனால் அவ்வளவு இழுக்க வேண்டியதில்லை.

மணி, 8.52: 1.5 ஸ்பீடிலா?

பிரபு, 8.53: எல்லோரும் அப்படித்தான் பார்க்கிறார்கள் சித்தப்பா. கதை புரிகிறது, வசனமும் புரிகிறது. நேரம் மிச்சம்.

மணி, 9.06: பிரபு, கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், படி. கோபத்தில் சொல்லவில்லை, உன்மேல் இருக்கிற உரிமையில் சொல்கிறேன்.

அந்தப் படத்தில் கதை என்று எடுத்தால் ஒரு பத்தி. 1996-ல் சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை விட்டுப் போன ஒருவர், 22 வருஷம் கழித்துத் தங்கை கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார். சொந்தக்காரப் பையன் ஒருவன் ஒட்டிக்கொள்கிறான். அவன் பெயர் இவருக்கு ஞாபகம் வரவில்லை. அவ்வளவுதான்.

கல்யாண மேடையில் அந்தத் தங்கை அண்ணன் கொடுத்த பரிசை அங்கேயே பிரிக்கும் இடத்தைப் பார். பின்னால் கூட்டம் வரிசையில் நிற்கிறது. அவள் ஒவ்வொன்றாக எடுக்கிறாள். அரவிந்த்சாமி என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறார். 22 வருஷத்துக் குற்ற உணர்ச்சி அவர் முகத்தில் ஏறி இறங்குவதற்குக் கொஞ்ச நேரம் ஆகும். ஒன்றரை மடங்கில் ஓட்டினால் அந்த முகம் ஏறவே இல்லை, இறங்கவும் இல்லை. நகை கொடுத்தார், வாங்கிக்கொண்டாள், அடுத்தது. உனக்கு வசனம் கேட்டிருக்கும். வசனத்துக்கு நடுவில் இசையமைப்பாளர் கோவிந்த் வசந்தா விட்டிருக்கும் இடைவெளி கேட்டிருக்காது.

அப்புறம் அந்தப் பெயர் விஷயம். இரவெல்லாம் அவனோடு சாப்பிட்டுப் பேசிவிட்டு, நீ யார் என்று கேட்க வெட்கப்படுகிற ஒரு மனுஷனின் சங்கடம். அது நமக்கும் நேரம் ஆக ஆகத்தான் கனக்கும்.

பிரபு, 9.10: படித்தேன் சித்தப்பா. ஆனால் ஒன்று கேட்கிறேன். ரிலீஸான சில நாளிலேயே படக்குழுவே 18 நிமிஷம் வெட்டியது. அவர்களுக்கே நீளம் என்று தெரிந்திருக்கிறதே? அவர்கள் கத்தரியால் செய்ததை நான் விரலால் செய்தேன்.

மணி, 9.14: நல்ல கேள்வி. நான் முதல் நாளே கிருஷ்ணகிரியில் பார்த்தவன், வெட்டாத படம். அந்த இரவுப் பேச்சு நீளம்தான், நானே ஓரிடத்தில் நெளிந்தேன். ஆனால் வெட்டுவது வேறு, வேகமாக ஓட்டுவது வேறு. வெட்டுகிறவர் எது வேண்டாம் என்று யோசித்து ஒரு துண்டை எடுக்கிறார். மீதி இருப்பது அதன் நடையிலேயே நடக்கிறது. வேகத்தைக் கூட்டினால் வேண்டியதும் வேண்டாததும் சேர்ந்து ஓடும்.

கோமதி, 9.16: மெதுவாக இருந்தால் நல்லது என்றால் நான் பார்க்கும் சீரியல்தான் தம்பி முதல் பரிசு வாங்கணும். ஒரு டம்ளர் விழுந்தால் மூன்று தடவை காட்டுகிறார்கள். ஆறு பேர் முகத்தையும் ஒவ்வொன்றாகக் காட்டுகிறார்கள்.

மணி, 9.19: அது தாமதம் அக்கா. மூன்றாவது தடவை விழுகிற டம்ளரில் புதிதாக ஒன்றும் இல்லை. நேற்று தெரிந்ததே இன்றைக்கும் தெரிகிறது. ஆனால் சீரியலை நான் குறை சொல்லமாட்டேன். நீங்கள் மாவு பிசைந்துகொண்டே பார்க்கிறீர்கள், பாதி நேரம் காதால்தான். அதனால்தான் அதில் எல்லோரும் நினைப்பதை வாய்விட்டே சொல்கிறார்கள். திரும்பிப் பார்க்காதவருக்கும் கதை போய்ச் சேரவேண்டும்.

கோமதி, 9.20: உண்மை. நான் அடுப்படியில் நின்றே முழுக் கதையும் சொல்லிவிடுவேன்.

அண்ணாமலை, 9.31: நான் டைப் பண்ண நேரமாகும். பொறுங்கள்.

சுகன்யா, 9.31: அப்பா டைப் பண்ணுகிறார், யாரும் குறுக்கே பேசாதீர்கள்.

அண்ணாமலை, 9.48: பாரதக் கூத்தில் அர்ச்சுனன் தபசு பார்த்திருக்கிறாயா பிரபு. பெரிய பனைமரத்தை நட்டுப் படி அடித்திருப்பார்கள். அர்ச்சுனன் வேஷக்காரர் சிவனிடம் பாசுபத அஸ்திரம் வாங்க மரம் ஏறுவார். ஒரு படிக்கு ஒரு பாட்டு. உங்கள் தாத்தா கீழே முகவீணை ஊதுவார். பாட்டு முடிந்தால்தான் அடுத்த படியில் கால் வைப்பார். வெயில் ஏறிவிடும். கீழே பிள்ளை இல்லாத பெண்கள் முந்தானை விரித்து நிற்பார்கள், மேலே போய் அவர் எலுமிச்சம்பழம் போடுவார் என்று. சீக்கிரம் ஏறு என்று ஒருத்தர் சொன்னதில்லை. கடைசிப் படிக்கு வரும்போது ஊரே கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும். ஏணி வைத்து ரெண்டு நிமிஷத்தில் ஏறியிருந்தால் அது மரம் ஏறுவது, தபசு இல்லை.

மணி, 9.50: அண்ணா, நான் ஒரு மணி நேரமாகச் சொல்ல வந்தது இதுதான்.

மணி, 9.58: இதை வைத்தே கொட்டுக்காளியைச் சொல்கிறேன். இயக்குநர் வினோத்ராஜின் இரண்டாவது படம். முதல் படம் கூழாங்கல், 2021-ல் ரோட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியது. கொட்டுக்காளியில் பின்னணி இசையே கிடையாது. வேறு ஒருவனை விரும்புகிற பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று சொல்லி, ஆட்டோவில் ஏற்றிச் சாமியாடியிடம் கூட்டிப்போகிறார்கள். கூடவே காலைக் கட்டின ஒரு சேவல். சூரிக்குத் தொண்டை கட்டியிருக்கும், கழுத்தில் சுண்ணாம்பு தடவியிருப்பார். அந்தக் கரகரத்த குரலிலேயே எல்லோரையும் மிரட்டுவார். அன்னா பென் கிட்டத்தட்ட வாயே திறப்பதில்லை. ஆட்டோவின் கடகடப்பு, பைக் சத்தம், சேவலின் சிறகடிப்பு. இவ்வளவுதான் காதில் விழும்.

வழியில் ஒரு காளை குறுக்கே நிற்கும். வீராப்பாக வந்த ஆண்கள் அத்தனை பேரும் நின்றுவிடுவார்கள். ஒரு சின்னப் பெண் வந்து சாதாரணமாக ஓட்டிக்கொண்டு போவாள். யாரும் ஒன்றும் சொல்வதில்லை. நான் அங்கே நிறுத்திவிட்டு வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். நம் வீட்டில் எத்தனை பெண்களை இப்படி வாய் பேசாமல் உட்காரவைத்து எங்கெங்கோ கூட்டிப்போயிருக்கிறோம்.

கோமதி, 10.01: என்னையும் கூட்டிப்போனார்கள். உனக்கு அப்போது ஆறு வயது.

மணி, 10.01: தெரியும் அக்கா. அதை நினைத்துத்தான் எழுதினேன்.

அண்ணாமலை, 10.04: தப்புதான் கோமதி.

சுகன்யா, 10.09: அத்தை, நான் இருக்கிறேன். காலையில் போன் பண்ணுகிறேன்.

கோமதி, 10.10: பண்ணு கண்ணு. சரி, சுழல் பற்றிச் சொல்லு மணி. அதில் நம் மயானக் கொள்ளைத் திருவிழா வருகிறதாமே.

மணி, 10.17: வருகிறது. 2022-ல் வந்தது, புஷ்கர் காயத்ரி எழுதியது. ஒரு மலையூரில் திருவிழா நடக்கும் நாட்களுக்குள்ளேயே மொத்தக் கதையும். கதிரும் ஐஸ்வர்யா ராஜேஷும் நன்றாகச் செய்திருக்கிறார்கள், ஸ்ரேயா ரெட்டி அதைவிட. எட்டு பாகம், எங்கேயும் அலுக்கவில்லை. எனக்கு ஒரே குறை. அங்கே திருவிழா என்றாலே இருட்டு, நெருப்பு, பயம். நம் ஊரில் மாசி வெயிலில்தானே அம்மன் வேஷம் கட்டிக்கொண்டு தென்பெண்ணை ஆற்றங்கரை மயானத்துக்குப் போகிறோம். சுண்டலும் கொழுக்கட்டையும் சில்லறையும் கூட்டத்தில் வந்து விழும். அலகு குத்தினவர் முதுகில் பெண்கள் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். குழந்தைகள் அங்காளம்மனைப் பார்த்து முதலில் அலறும், அப்புறம் விபூதி வாங்கக் கை நீட்டும். அந்தப் பிரியம் சீரிஸில் இல்லை.

பிரபு, 10.19: அது த்ரில்லர் சித்தப்பா. பயம்தானே வேண்டும்.

மணி, 10.20: அதுவும் சரிதான். ஆனாலும் நம் அம்மனைப் பார்த்து வெளியூர்க்காரர் பயம் மட்டும் கொண்டுபோனால் எனக்கு மனசு கேட்கவில்லை.

பிரபு, 10.52: சித்தப்பா, அந்த மேடை சீனை மட்டும் இப்போது நார்மல் ஸ்பீடில் பார்த்தேன்.

மணி, 10.52: சொல்லு.

பிரபு, 10.55: அரவிந்த்சாமி கை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்பதை நேற்று நான் பார்க்கவே இல்லை. ஆனால் அந்த இரவுப் பேச்சு எனக்கு இன்னும் நீளம்தான். அதை மாற்றிச் சொல்லமாட்டேன்.

மணி, 10.56: சொல்லவேண்டாம். நீ பார்த்துச் சொல்கிறாய், அது போதும்.

அண்ணாமலை, 10.59: ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் இங்கே வாருங்கள். கொட்டுக்காளி போடுவோம். கோமதியும் வரட்டும்.

கோமதி, 11.01: வருகிறேன் அண்ணா. ஆனால் நடுவில் யாரும் டீ கேட்கக்கூடாது.

பிரபு, 11.02: டீ நான் போடுகிறேன் அத்தை. சித்தப்பா, உங்கள் பெரிய ஸ்பீக்கரைக் கொண்டு வாருங்கள். டிவி சத்தத்தில் சேவல் சிறகடிப்பது கேட்காது.