பொருள்: போக்கரில் 'பிளஃப்', தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கல்லூரி அறிவியல் மன்ற மலருக்கு 'விண்கப்பலில் சீட்டாட்டம்' என்று ஒரு கட்டுரை எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'ஸ்டார் ட்ரெக்' தொடரில் கப்பல் அதிகாரிகள் கூடிப் போக்கர் ஆடுவார்களே, அதில் தொடங்கி ஆட்டக் கோட்பாட்டுக்கு வருகிறேன். 1989இல் வந்த 'தி மெஷர் ஆஃப் எ மேன்' பகுதியில் டேட்டா என்ற ஆண்ட்ராய்டு (மனித உருவ எந்திரம்) சீட்டாட உட்காரும். விதி, நிகழ்தகவு எல்லாம் அதற்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் சக அதிகாரி ரைக்கர் கையில் சரக்கில்லாமலே பந்தயத்தை ஏற்ற, டேட்டா சீட்டைக் கவிழ்த்துவிடும், அதாவது அந்த ஆட்டத்தை விட்டுக்கொடுத்துவிடும். ரைக்கர் செய்ததற்கு என்ன சொல்? 'ஏமாற்று' என்று போட்டுப் பார்த்தேன். மாணவர்கள் கள்ளச்சீட்டு என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

– ம.

*

அம்மா ம.,

சொல்லைத் தேடி எங்கும் அலைய வேண்டாம். 'பிளஃப்' என்பதே நம் 'புளுகு'தான். 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர் பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கடை விரித்திருந்தார்கள். ஆங்கிலச் சொல் டச்சிலிருந்து வந்தது என்று அகராதிக்காரர்களே சொல்கிறார்கள். டச்சுக்காரனுக்கு அது எங்கிருந்து கிடைத்தது? துணியோடு சேர்த்துப் புளுகையும் கப்பலேற்றிக்கொண்டு போயிருக்கிறான். நம் பொருளை நாமே திரும்ப வாங்கிக்கொள்ள என்ன தயக்கம்?

– சொ.

*

சொ. ஐயா, முதல் உகரம் கெட்டது, சரி. கடைசிக் ககரம் எந்த விதிப்படி ஃப் ஆனது? டச்சில் 'வெர்ப்ளுஃபென்' என்றால் திகைக்கவைத்தல், மிரளவைத்தல். புளுகோடு அதற்கு ஒட்டுமில்லை உறவுமில்லை. போக்கரே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூ ஆர்லியன்ஸிலும் மிசிசிப்பி ஆற்றுப் படகுகளிலும் வளர்ந்த ஆட்டம். இந்தச் சொல் அங்கேதான் சீட்டு மேசைக்கு வந்தது. பழவேற்காட்டை விட்டுவிடுங்கள்.

ம. அவர்களுக்கு வேறொரு குறை. அந்தப் பகுதியின் கதையே டேட்டா ஆளா, உடைமையா என்ற வழக்குதான். நீங்கள் 'உட்காரும்', 'கவிழ்த்துவிடும்' என்று அஃறிணையில் எழுதித் தீர்ப்பே சொல்லிவிட்டீர்கள். உயர்திணை என்பது மக்கட்சுட்டு என்று தொல்காப்பியர் சொன்னாலும் படத்தின் கட்சி வேறு. 'டேட்டா சீட்டைக் கவிழ்த்தார்' என்று எழுதுங்கள்.

– க.

*

திணை இருக்கட்டும், சொல்லுக்கு வருவோம். புளுகு வாயால் செய்வது. ரைக்கர் ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை. காசைத்தான் நகர்த்தினார்.

கணக்கைப் பாருங்கள். நடுவில் 100 ரூபாய் கிடக்கிறது. நான் 100 வைக்கிறேன். நீங்கள் 200ஐப் பிடிக்க 100ஐப் பணயம் வைக்க வேண்டும், அதாவது மூன்றுக்கு ஒரு முறை ஜெயித்தால் கட்டுப்படியாகும். நல்ல சீட்டு வரும்போது மட்டுமே நான் பந்தயம் வைப்பவன் என்றால், நீங்கள் ஒவ்வொரு முறையும் கவிழ்த்துவிட்டுப் போவீர்கள். என் நல்ல சீட்டுக்கும் காசு வராது. கடைசிச் சுற்றில் நான் வைக்கும் பந்தயங்களில் சரியாக மூன்றில் ஒன்று வெறுங்கையாக இருந்தால், நீங்கள் பந்தயத்தை ஏற்றுக்கொண்டாலும் கவிழ்த்தாலும் உங்களுக்கு ஒன்றுதான். ஆட்டக் கோட்பாட்டை நிறுவிய ஃபான் நாய்மனும் மார்கன்ஸ்டெர்னும் 1944இல் இதைக் கணிதமாகவே எழுதிவிட்டார்கள். 2017இல் போக்கர் ஆடும் லிப்ரேட்டஸ் என்ற கணினி நிரல் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களைத் தோற்கடித்தபோது அதுவும் வெறுங்கையோடு பந்தயம் ஏற்றியது. அதற்கு மனமும் இல்லை, முகமும் இல்லை. அதைப் போய்ப் 'புளுகன்' என்பீர்களா?

என் ஓட்டு 'பாவ்லா'வுக்கு. பாவ்லா காட்டினான் என்றால் பெட்டிக்கடைக்காரருக்கும் புரியும்.

– வெ.

*

வெ. சொல்வது போக்கருக்குச் சரி. ஆனால் கட்டுரை விண்கப்பலைப் பற்றியதும்தானே? முதல் 'ஸ்டார் ட்ரெக்' தொடரில் 1966இல் வந்த 'தி கார்போமைட் மனூவர்' பகுதியில் கேப்டன் கிர்க் என்ன செய்கிறார்? அவருடைய அதிகாரி ஸ்பாக் சதுரங்கக் கணக்கில் தோல்வி என்று கைவிரிக்க, கிர்க் இது சதுரங்கமில்லை, போக்கர் என்கிறார். உடனே எதிரிக் கப்பலிடம், எங்கள் கப்பலில் கார்போமைட் இருக்கிறது, தாக்கினால் நீயும் அழிவாய் என்று அளக்கிறார். அப்படி ஒரு பொருளே கிடையாது! வாயால் விட்ட பச்சைப் புளுகு. ரைக்கருக்கு ஒன்று, கிர்க்குக்கு ஒன்று என்று இரண்டு சொல்லா வைப்பது? சென்னைப் பேச்சில் இரண்டுக்கும் 'உதார்' போதும்.

– ஜ.

*

'உதார்' மலரில் வந்தால் முதல்வர் என்னைக் கூப்பிட்டுக் கேட்பார். அரைகுறைச் சீட்டோடு, அடுத்த சீட்டு வந்தால் கை தேறிவிடும் என்ற நிலையில் ஏற்றுவதற்கும் ஒரு சொல் வேண்டும். 'அரை உதார்' என்றால் வகுப்பே சிரிக்கும். நல்ல சீட்டை வைத்துக்கொண்டு சப்பையாக ஆடி எதிராளியை இழுப்பதற்கும் வேண்டும்.

– ம.

*

கடைசியாகக் கேட்டதற்கு வள்ளுவரே கொடுத்திருக்கிறார், அம்மா. 'வென்றதூஉம் தூண்டிற்பொன் மீன்விழுங்கி யற்று'. சூது அதிகாரம். 'தூண்டிலாட்டம்' என்று வையுங்கள். (சூதை வேண்டாம் என்ற குறளிலிருந்தே சூதாட்டத்துக்குச் சொல் எடுக்கிறோமே என்று யாராவது கிளம்புவார்கள். 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் போக்கரைத் திறனாட்டம் என்றது என அவர்களிடம் சொல்லிக்கொள்ளுங்கள்.)

ஆனால் 'பாவ்லா' கூடவே கூடாது. வகர மெய்யை அடுத்து யகரம் வரலாம் என்று தொல்காப்பிய நூன்மரபில் இருக்கிறது. லகரத்துக்கு அங்கே இடமில்லை. எழுதித்தான் ஆக வேண்டுமென்றால் 'பாவலா'. 'பாசாங்கு' என்ற நல்ல சொல் இருக்க, இதெல்லாம் எதற்கு?

– சொ.

*

பாசாங்கு தூங்குவதுபோல் கிடப்பது, ஐயா. அதில் பணயம் இல்லை. எதிராளி ஏற்றுவிட்டால் கைக்காசு போகும் என்ற ஆபத்து பிளஃபில் இருக்கிறது. அது எந்தச் சொல்லிலும் வரவில்லை, பாவலாவிலும்தான். மூணு சீட்டு ஆடுகிறவர்களைக் கேட்டால் 'பிளஃப் அடிச்சான்' என்றே சொல்வார்கள். அப்படியே விட்டால் என்ன?

– ஜ.

*

அப்படி விடுவதற்கு இந்தக் குழு எதற்கு?

– சொ.

*

எல்லோருக்கும் நன்றி. பக்கம் கட்டுகிறவர் காத்திருக்கிறார். 'பாவலா' என்றே போடுகிறேன். க., வெ. இருவருக்கும் சம்மதம், மற்றவர்கள் ஓய்ந்துவிட்டீர்கள். அரைகுறைச் சீட்டுக்கு 'அரைப்பாவலா', நல்ல சீட்டை மறைப்பதற்குத் 'தூண்டிலாட்டம்'. கிர்க் செய்தது மட்டும் 'புளுகு'. டேட்டாவை 'அவர்' ஆக்கிவிட்டேன்.

– ம.

*

அரைப்பாவலாவுக்கு என் எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன். 'பிளஃப்' என்பதை முதல் முறை வரும் இடத்திலாவது தமிழ் எழுத்தில் கூடவே போடுங்கள், இல்லையென்றால் எந்த மாணவனும் இணையத்தில் தேடிப் பிடிக்க முடியாது.

– ஜ.

*

புளுகு பற்றித் தனி இழையில் விரிவாக எழுதுகிறேன். ககரம் ஃபகரமாவதற்குச் சான்று இருக்கிறது.

– சொ.