தொங்கும் கட்டை 4 கிலோ, இழுவிசை ஏன் 40 நியூட்டன் இல்லை?

கேள்வி:
பிளஸ் ஒன் இயற்பியல். வழுவழுப்பான மேசையில் 6 கிலோ கட்டை. அதில் கட்டிய கயிறு விளிம்பிலுள்ள கப்பி வழியே இறங்குகிறது. நுனியில் 4 கிலோ கட்டை தொங்குகிறது. மேசைக் கட்டையைப் பிடித்திருந்த கையை விட்டதும் கயிற்றில் இழுவிசை எவ்வளவு? புவியீர்ப்பு முடுக்கம் 10 என்று வைத்து 40 நியூட்டன் எழுதினேன். விடை 24 என்கிறார்கள். தொங்கும் எடையைக் கயிறுதானே தாங்குகிறது? மீதி 16 எங்கே போனது?

பதில்:
"தாங்குகிறது" என்ற சொல்லில்தான் சறுக்கல், தம்பி. கட்டை அசையாமல் தொங்கினால் 40 சரி. கிணற்றில் தண்ணீர் வாளியைப் பாதியில் நிறுத்திப் பிடித்தால் கை முழு எடையையும் தாங்கும். கயிற்றை நழுவவிட்டுப் பாருங்கள், கை லேசாகிவிடும். சட்டென்று பிடித்தால் தோள்பட்டையே வெட்டி இழுக்கும். வாளி அதே வாளிதான், மாறியது முடுக்கம்.

இரண்டு கட்டைக்கும் தனித்தனி விசைப்படம் போடுங்கள். மேசைக் கட்டையை முன்னே இழுப்பது கயிறு மட்டுமே: இழுவிசை = 6 × முடுக்கம். தொங்கும் கட்டைக்கு: 40 − இழுவிசை = 4 × முடுக்கம். இரண்டையும் கூட்டினால் 40 = 10 × முடுக்கம். முடுக்கம் 4 மீ/வி², இழுவிசை 24. நீங்கள் தேடும் 16, 4 கிலோவைக் கீழ்நோக்கி முடுக்கப் போய்விட்டது.

கயிற்றுக்கும் கப்பிக்கும் நிறை இல்லை, கப்பியில் உராய்வும் இல்லை என்று கொள்வதால்தான் இரு பக்கமும் ஒரே இழுவிசை.

இன்னொருவர்:
இவ்வளவு எதற்கு? இரண்டு நிறைகளையும் பெருக்கி, அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்து, 10-ஆல் பெருக்குங்கள். 24. பத்து விநாடி வேலை.

கேட்டவர்:
நன்றி அண்ணா, புரிந்தது. ஆனால் அடுத்த கணக்கில் மேசை சொரசொரப்பு. இயக்க உராய்வுக் குணகம் 0.2, கட்டை நகர்கிறது. குறுக்குவழியில் உராய்வுக்கு இடமே இல்லை. உராய்வு, மேசைக் கட்டையின் எடை 60-இன் 0.2 மடங்கு, அதாவது 12 நியூட்டன் எதிர்த்திசையில் என்பதால் 24-இல் கழித்தேன். விடை 12 சரியா?

முதலில் பதில் சொன்னவர்:
இல்லை. குறுக்குவழி வேண்டாம் என்பது இதற்குத்தான். உராய்வு வந்தால் இழுவிசை குறையாது, கூடும். மேசைக் கட்டை முரண்டு பிடிக்கிறது, கயிறு இன்னும் விறைக்கிறது. உராய்வு கட்டையை அசையவே விடாவிட்டால் உங்கள் பழைய 40 வந்துவிடும். ஆகவே விடை 24-க்கும் 40-க்கும் நடுவில்தான் இருக்க வேண்டும்.

இழுவிசை − 12 = 6 × முடுக்கம். மற்றது அப்படியே. கூட்டினால் 28 = 10 × முடுக்கம். மீதியை நீங்களே போடுங்கள்.

கேட்டவர்:
முடுக்கம் 2.8, இழுவிசை 28.8. தொங்கும் கட்டையிலும் சரிபார்த்தேன்: 40 − 28.8 = 11.2, அதாவது 4 × 2.8. ஆனால் விடைப்பக்கத்தில் 28.2 என்று இருக்கிறதே?

முதலில் பதில் சொன்னவர்:
10-க்குப் பதில் 9.8 போட்டுப் பாருங்கள்.

கேட்டவர்:
28.22! அரை மணி நேரமாக உராய்வைத் திட்டிக்கொண்டிருந்தேன்.