கல்லீரல் ஸ்லைடில் குப்ஃபர் செல் பிடிபடவில்லை

குப்ஃபர் செல்லை (கல்லீரலில் கிருமி, கழிவுகளை விழுங்கும் செல்) தேடி இரண்டு வாரமாக ஒரே ஸ்லைடோடு மல்லுக்கட்டுகிறேன். மனிதக் கல்லீரல், ஹீமடாக்சிலின்-ஈயோசின் சாயம், சாதாரண ஒளி நுண்ணோக்கி. 10 மடங்கு லென்ஸில் மையச் சிரையும், போர்ட்டல் சிரை, தமனி, பித்தநாளம் சேர்ந்திருக்கும் இடமும் தெரிகின்றன. பன்றிக் கல்லீரல் மாதிரி நுண்மடல்களுக்கு (கல்லீரலின் சிறு அலகுகள்) நடுவே தெளிவான வேலி இல்லை. அதைக் கண்டுபிடிக்கவே நாலு நாள் போச்சு!

சிக்கல் சைனுசாய்டில்தான் (கல்லீரல் செல் வரிசைகளுக்கு நடுவே ஓடும் நுண்ணிய இரத்தக் குழாய்). 40 மடங்கில் சுவரை ஒட்டி நிறைய உட்கருக்கள். தட்டையானவை எண்டோதீலியம் (குழாயின் உள்சுவர் செல்), பருத்தவை குப்ஃபர் என்று பிரித்தேன். எண்ணும்போதெல்லாம் கணக்கு மாறுகிறது. கண்டென்சரை (ஒளியைக் குவிக்கும் லென்ஸ்) மாற்றியாச்சு, 100 மடங்கு எண்ணெய் லென்ஸிலும் பார்த்தாச்சு. குப்ஃபர் போன்ற விழுங்கு செல்களைத் தனியாகக் காட்டும் சிடி68 சாயத்துக்கு வசதி இல்லை.

ஹீமடாக்சிலின்-ஈயோசின் சாயத்தை மட்டும் வைத்துக் குப்ஃபர் செல்லை உறுதிசெய்ய எந்த அடையாளத்தை நம்பலாம்?